இழுக்கிற பலமும் பிடிக்கிற பலமும்

(வானொலி உரை)



பழனி மலைக்குப் போய் வந்தவர்களுக்கு 'விஞ்ச்' என்கிற வார்த்தையை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ஒரு உருளை சுற்றுகிறது. அதில் கம்பி வடம் சுற்றிக்கொள்ளச் சுற்றிக்கொள்ள, அடிவாரத்தில் நிற்கிற பெட்டி ஆட்களோடு மலையேறி வந்துவிடுகிறது. இழுக்கிற பொறி ஓரிடத்தில், இழுபடுகிற பாரம் வேறிடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. விஞ்ச் என்றால் இவ்வளவுதான். இதே விஞ்ச் முதலில் வயலுக்கு வந்து, பிறகு வயலிலிருந்து வண்டியின் மூக்கில் ஏறிக்கொண்ட கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இது வெறும் பழங்கதை இல்லை. மழைக்காலத்தில் சேற்றில் டிராக்டர் இறக்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசனக் கிராமம். ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். தொழி உழவுக்கு இறங்கிய டிராக்டர் ஒன்று பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து நின்றுவிட்டது. ஊரே கூடிவிட்டது. இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து அதே வயலில் இறக்கி, இரும்புச் சங்கிலியைப் பூட்டினார்கள். வெட்டி வெட்டி இழுத்தார்கள். இரண்டாவது வண்டியும் புதைய ஆரம்பித்தது. மூன்றாவது வெட்டில் சங்கிலியின் ஒரு கண்ணி விட்டது. அறுந்த முனை சாட்டை மாதிரி பறந்து, பக்கத்தில் நின்ற இருபது வயதுப் பையனின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு இரண்டாகப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பையன் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

நானும் அன்றைக்கு வரப்பில்தான் நின்றேன். பி.எஸ்ஸி. படித்தவன், விசையும் சுமையும் பரீட்சையில் எழுதித் தேறியவன். ஆனால் "நிறுத்துங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சொன்னது ஒரு பெரியவர்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. "ஏந்தம்பி, கமலை இறைக்கையில மாட்டைக் கிணத்துக்குள்ள இறக்கியா இறைச்சோம்? மேட்டுல நிறுத்தித்தானே இறைச்சோம்! இங்க ஒரு மாடு விழுந்த கிணத்துக்குள்ள ரெண்டாவது மாட்டையும் தள்ளிட்டீகளே" என்றார். அந்த ஒரு பேச்சில் விஞ்ச்சின் முழுச் சரித்திரமும் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

பஞ்சம் பார்த்தவர் கண்ட பொறி

கமலையை நினைத்துப் பாருங்கள். மாடு கெட்டித் தரையில் நடக்கிறது. வடம் உருளை மேல் ஏறிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. மாட்டின் பாரம் மேட்டில், வேலை பள்ளத்தில். ஏறக்குறைய இதே யோசனைதான் இங்கிலாந்தில் ஜான் ஃபவுலர் என்பவருக்கு வந்தது. 1826-ல் வில்ட்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். அயர்லாந்தில் 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயால் பெரும் பஞ்சம் வந்து, லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டுபோனார்கள் அல்லவா? அந்தப் பஞ்சத்தின் கடைசிக் காலத்தில், 1849-ல், ஃபவுலர் அங்கே போனார். நீர் வடியாத களிமண் நிலம் ஏராளமாகக் கிடப்பதைப் பார்த்தார். இந்த நிலத்தின் நீரை வடித்தால் சாப்பாடு விளையுமே என்பது அவர் எண்ணம்.

நீர் வடிக்க மண்ணுக்கடியில் குழாய் பதிக்க வேண்டும். ஆள் வைத்து வெட்டினால் கட்டுப்படியாகாது. ஃபவுலர் ஒரு கலப்பை செய்தார். அதன் அடியில் எலி வளை தோண்டுகிற மாதிரி ஒரு கூர் இரும்பு. அது மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போதே பின்னால் மரக்குழாய்களையும் கோத்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இதை இழுக்க அசாத்தியப் பலம் வேண்டும். அத்தனை குதிரைகளையும் ஈரக் களிமண்ணில் இறக்கினால் குதிரையும் புதையும், மண்ணும் மிதிபட்டு இறுகும். ஆகவே அவர் குதிரைகளைச் செக்கு மாடு மாதிரி ஓரிடத்தில் சுற்றவிட்டார். நடுவில் இருந்த உருளை சுழன்று வடத்தைச் சுருட்ட, கலப்பை தூரத்திலிருந்து மண்ணுக்குள் ஊர்ந்து வந்தது. 1850-ல் இந்தப் பொறியை விவசாயக் கண்காட்சியிலும் காட்டினார்.

அடுத்தது நீராவி. அப்போது நீராவி எஞ்சின் என்றால் பல டன் எடை. அதை வயலுக்குள் ஓட்டினால் நம்ம ஊர் டிராக்டர் கதைதான் நடக்கும். எனவே எஞ்சின் வரப்போரத்தில் நின்றது, கலப்பை மட்டும் கயிற்றில் போய் வந்தது. கயிறு சணலில் செய்ததாக இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. நல்லவேளையாக 1834-லேயே ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்யும் வழியைக் கண்டிருந்தார். சுரங்கத்துக்குப் பிறந்த கம்பி வடம் உழவுக்கும் உதவியது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. ஆரம்பத்தில் ஃபவுலர் ஒரே ஒரு எஞ்சினைத்தான் வைத்தார். கயிறு எதிர்வரப்புக்குப் போய் ஒரு கப்பியைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்தக் கப்பியை எதில் கட்டுவது? எஞ்சின் இழுத்தால், கலப்பை நகருவதற்குப் பதிலாகக் கப்பி வண்டியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதா? அதற்காக அவர் ஒரு நங்கூர வண்டி செய்தார். அதன் சக்கரங்கள் தட்டையான கூர்வட்டுகள். இழுக்க இழுக்க அவை மண்ணை வெட்டி உள்ளே இறங்கும். பக்கவாட்டில் அசையாது, ஆனால் வரப்போரமாக முன்னே உருண்டு போகும். இழுக்கிற பலத்துக்கு நீராவி இருந்தது. பிடிக்கிற பலத்துக்குத்தான் புத்தி தேவைப்பட்டது.

நீராவி உழவுக்கு இங்கிலாந்து அரச விவசாயச் சங்கம் 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. 1858-ல் செஸ்டர் நகரில் ஃபவுலரின் பொறி அதை வென்றது. 1860-களில் இரட்டை எஞ்சின் முறை பரவியது. வயலின் இரு வரப்பிலும் ஆளுக்கொரு எஞ்சின். ஒவ்வொன்றின் கொதிகலனுக்கு அடியிலும் படுக்கை வாட்டில் ஒரு பெரிய கயிற்று உருளை. ஒன்று இழுக்கும்போது மற்றது கயிறு விடும். ஊதல் சத்தம்தான் சமிக்ஞை. கலப்பையைத் திருப்ப வேண்டாம், ஏற்றப் பலகை மாதிரி இரு பக்கமும் கொழு வைத்த கலப்பை அது. ஒரு பக்கம் மண்ணில் இருக்க மறுபக்கம் ஆகாயத்தில் நிற்கும். இப்போது நங்கூர வண்டியும் தேவையில்லை. எஞ்சினின் சொந்த எடையே நங்கூரம் ஆகிவிட்டது. உழவுக்கு இடைஞ்சலாக இருந்த பாரமே வரப்பில் நிறுத்தியதும் பலமாக மாறியது, பாருங்கள்!

ஃபவுலர் நெடுநாள் வாழவில்லை. குதிரையிலிருந்து விழுந்த காயத்தில் வில்வாதம் கண்டு 1864-ல், 38 வயதில் காலமானார். ஆனால் லீட்ஸ் நகரத்தில் அவர் நிறுவிய தொழிற்சாலை உழவு எஞ்சின்களை எகிப்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–1865) பருத்தி கிடைக்காமல் விலை ஏறிய சமயம், எகிப்தின் ஹலீம் பாஷா தன் பருத்தி நிலங்களை உழ இந்த எஞ்சின்களை வாங்கினார். அவற்றைப் பார்த்துக்கொள்ள 1863-ல் போன மாக்ஸ் ஐத் என்ற ஜெர்மன் எஞ்சினீயர், பிற்பாடு 1885-ல் ஜெர்மன் விவசாயச் சங்கத்தை நிறுவினார்.

வயலிலிருந்து வண்டிக்கு

முதல் உலகப் போருக்குப் பிறகு எடை குறைந்த பெட்ரோல், மண்ணெண்ணெய் டிராக்டர்கள் வந்தன. இவை வயலுக்குள்ளேயே இறங்கி உழுதன. இரண்டு எஞ்சின், சமையல்காரப் பையனையும் சேர்த்து ஐந்து ஆள், நிலக்கரி, தண்ணீர் என்று யார் கட்டி மாளுவது? நீராவி விஞ்ச் உழவு மெல்ல மறைந்தது. ஆனால் வண்டி வயலுக்குள் இறங்கியதும் பழைய வில்லங்கமும் கூடவே இறங்கியது. வண்டி புதைந்தால் யார் இழுப்பது? விஞ்ச்சை வண்டியிலேயே வைத்துவிட்டால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுமே என்ற யோசனை பலப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜி.எம்.சி. கம்பெனி இரண்டரை டன் லாரிகளை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தது. அவற்றில் ஒரு பகுதிக்கு முன் பம்பரில் 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன், இழுக்கும் விஞ்ச் பொருத்தியிருந்தார்கள். போர் முடிந்ததும் இந்த யோசனை திரும்ப விவசாயத்துக்கே வந்தது. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனித் தலைமை எஞ்சினீயர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் தன் நிலத்தில் ஓட்டிய பழைய ராணுவ ஜீப்பைப் பார்த்து லேண்ட்ரோவரை உருவாக்கினார். 1948 ஏப்ரல் 30-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. பண்ணை வண்டியாகவே நினைத்துச் செய்ததால், எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து வேறு பொறிகளை ஓட்டவும் வசதி இருந்தது. முன்பக்கம் ஒரு சுழல்தூண் விஞ்ச் வைத்துக்கொள்ளலாம்.

சுழல்தூண் என்பது கயிற்றைச் சுருட்டி வைக்காது. கயிற்றை அதில் மூன்று நாலு சுற்றுச் சுற்றி, வால் முனையை ஒரு ஆள் கையில் பிடித்துக்கொள்வார். முரண்டு பிடிக்கிற கன்றுக்குட்டியை மரத்தில் இரண்டு சுற்றுப் போட்டுப் பிடிக்கிறோமே, அதே தத்துவம். ஒவ்வொரு சுற்றும் உராய்வினால் பிடியை ஏறக்குறைய நாலைந்து மடங்கு பெருக்கும். மூன்று சுற்றில் அது நூறு மடங்காகிவிடும். கையில் 10 கிலோ பிடித்தால் அந்தப் பக்கம் ஒரு டன் நிற்கும்.

பின்னர் பேட்டரியில் ஓடும் மின்சார விஞ்ச் பெருகியது. இதன் உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் பலம் குறைவு. நடுவே பல்சக்கரங்கள் வைத்து, மோட்டார் 150 முதல் 300 சுற்று சுற்றினால் உருளை ஒரே சுற்று சுற்றும்படி செய்திருப்பார்கள். வேகம் குறைகிற அளவுக்குப் பலம் கூடும். திருகு மாதிரிப் பல்சக்கரம் வைத்ததில் மோட்டாரை நிறுத்தினாலும் பாரம் பின்னால் ஓடாது, உராய்வே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒன்று, சுற்றி மூன்று என்று கிரகம் போல் சுற்றும் பல்சக்கரம் வைத்தது விரைவாக இழுக்கும், ஆனால் அதற்குத் தனியே பிரேக் வேண்டும்.

சேற்றில் அது படும் பாடு

காகிதத்தில் நாலரை டன் என்று போட்டிருந்தால் வயலில் அப்படியே கிடைக்காது. ஏன் என்று கேளுங்கள்.

ஒன்று, அந்தக் கணக்கு உருளையின் மேல் முதல் அடுக்குக் கயிற்றுக்கு மட்டும்தான். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற உருளை பருத்துவிடும், பலம் குறையும். நாலாவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். ஆகவே கயிற்றை நீளமாக வெளியே விட்டுத் தூரத்தில் கட்டினால் நல்லது. ஆனால் உருளையில் குறைந்தது ஐந்து சுற்றாவது மீதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றின் முனை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டு, மின்சார விஞ்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியருக்கு மேலும் குடிக்கும். காரின் முன்விளக்கு ஒன்றுக்கு ஐந்து ஆம்பியர் போல என்றால், எண்பது விளக்கை ஒரே பேட்டரியில் எரிப்பதற்குச் சமம். ஒரு நிமிஷம் இழுத்தால் மோட்டாரை ஆறவிட வேண்டும். எஞ்சின் சக்தியில் ஓடும் விஞ்ச்சும், எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் விஞ்ச்சும் நீண்ட நேரம் தாங்கும். எஞ்சின் விஞ்ச்சில் பாரம் மிஞ்சினால் முதலில் ஒரு சின்ன ஆணி வெட்டுப்பட்டுப் பொறியைக் காப்பாற்றும். ரொட்டவேட்டரில் இருக்கிறதே, அதே ஏற்பாடு. அது ஒடிந்தால் "கெட்டி ஆணியாப் போடு" என்று மாற்றிவிடாதீர்கள். அந்த ஆணி ஒடியாவிட்டால் கயிறுதான் ஒடியும்.

மூன்று, கயிறு. சேறும் மணலும் கம்பிப் புரிக்குள் புகுந்து அரைக்கும், தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்து, இழுவையோடு ஒழுங்காகச் சுற்ற வேண்டும். 1990-ல் நெதர்லாந்தில் ஒருவகைப் பாலிஎத்திலீன் நாரை வணிக அளவில் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த நாரில் செய்த விஞ்ச் கயிறு கம்பி அளவு பலம் உள்ளது, எடையோ ஏழில் ஒரு பங்கு போலத்தான். தண்ணீரில் மிதக்கும். ஆனால் வெயில், சூடு, கரட்டுக் கல் மூன்றும் அதற்கு ஆகாது.

சரி, புதைந்த வண்டியை எடுக்க எவ்வளவு பலம் வேண்டும்? ராணுவத்தில் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரம் வரை புதைந்தால் வண்டி எடை அளவு, சக்கர மூடி வரை புதைந்தால் இரண்டு மடங்கு, ஓட்டுநர் இருக்கும் அறை வரை புதைந்தால் மூன்று மடங்கு. நம் டிராக்டர் இரண்டு டன் என்றால் சக்கர மூடி வரை புதைந்ததற்கு நாலு டன் இழுப்பு வேண்டும். இப்போது கேட்கிறேன், இன்னொரு இரண்டு டன் டிராக்டர் எவ்வளவு இழுக்கும்? காய்ந்த கெட்டித் தரையிலேயே தன் எடையில் பாதியிலிருந்து முக்கால் பங்குதான், அதற்கு மேல் சக்கரம் வழுக்கும். சேற்றிலோ அதிலும் பாதி கிடைப்பது கஷ்டம். ஒரு டன்னைக்கூடத் தொடாத பலத்தை வைத்துக்கொண்டு நாலு டன்னை இழுக்கப் பார்த்தோம் அன்றைக்கு! அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றுதான் வெட்டி வெட்டி இழுத்தோம். வெட்டின வேகம் முழுக்கச் சங்கிலியில் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, வயிற்றுப் பக்கச் சேற்றை வழித்துவிட்டால் தேவைப்படும் இழுப்பு வெகுவாகக் குறையும். அடுத்தது கப்பி. விஞ்ச் கயிறு மரத்தில் கட்டிய கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகும், இழுப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். மூன்றாவது பிடிமானம். நல்ல மரமானால் அடித்தூரில், அகலப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், கம்பியை நேராகச் சுற்றினால் மரப்பட்டையை அறுத்துவிடும். மரம் இல்லாத வயலில், இழுக்கிற திசைக்குக் குறுக்கே ஆழமாகக் குழி வெட்டி ஒரு கெட்டிக் கட்டையைப் புதைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டலாம். அந்தக் கட்டை முன்னால் உள்ள மண்ணையெல்லாம் தள்ளினால்தானே வெளியே வரும்? ஃபவுலரின் கூர்வட்டுச் சக்கரம் செய்த வேலையை இந்தக் கட்டை செய்கிறது.

உயிர் சம்பந்தப்பட்டது

இனி சொல்வதைத் தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள். விறைத்த கயிறோ சங்கிலியோ இருக்கும்போது, அதன் நீளத்துக்குச் சமமான தூரம் வரை ஆளோ பிள்ளைகளோ நிற்கக் கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. கயிற்றின் நடுவே ஒரு ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள், அறுந்தாலும் வேகம் அடங்கி விழும். கம்பி வடத்தைத் தொடும்போது தோல் கையுறை வேண்டும்.

இன்னொன்று. இழுக்கிற டிராக்டரில் சங்கிலியை அச்சுக்கு மேலே எங்கேயும் பூட்டாதீர்கள், தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில்தான் பூட்ட வேண்டும். மேலே பூட்டினால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கட்டை மண்ணில் மாட்டிச் சக்கரம் சுழல முடியாமல் போனால், சக்கரத்தைச் சுற்றி வண்டியே சுழன்று பின்னால் கவிழும். இரண்டு நொடிகூட ஆகாது, குதிக்க நேரம் கிடைக்காது.

உழவர் பெருமக்களே, நம்மில் பெரும்பாலோரிடம் விஞ்ச் கிடையாது, எனக்கும் தெரியும். ஆனால் அது கற்றுத்தந்த பாடத்துக்குக் காசு வேண்டாம். பாரத்தைக் கெட்டித் தரையில் நிறுத்து, கயிற்றை நீளமாக விடு, இழுக்கும் முன் பிடிமானத்தைப் பார், வெட்டி இழுக்காதே. கமலை இறைத்த நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

போன மாதம் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். வரப்போரம் இருந்த புளியமரத்தடியில் அதே பையன் நின்று, இளவட்டங்களை அதட்டிக்கொண்டிருந்தான். "கயித்துக்கிட்ட நிக்காதீங்கடா, தள்ளுங்கடா!" என்றான். சேற்றில் ஒரு டிரெய்லர் புதைந்திருந்தது. இழுக்கிற டிராக்டர் மேட்டில் நின்றது. கயிற்றின் மேல் ஒரு ஈரச் சாக்கு கிடந்தது.